நெல்லின் வளரூக்கிகளும் திருத்தணி வட்டாரமும்

நெற்பயிர் எவ்வளவு உயரம் வளரும், ஒரு கதிரில் எத்தனை மணி பிடிக்கும் என்பவற்றைப் பெரிதும் தீர்மானிப்பவை, பயிர் தானே மிகச் சிறிய அளவில் சுரக்கும் வளரூக்கிகள் எனப்படும் தாவர ஹார்மோன்கள் ஆகும். இவற்றை ஆக்கும் அல்லது சிதைக்கும் மரபணுக்களை மாற்றி விளைச்சலைப் பெருக்குவது அண்மைக்கால ஆய்வுக்கூடப் புதுமை என்று கருதப்பட்டாலும், இன்னதென்று அறியப்படாமலேயே அம்மாற்றம் உழவர் வயலுக்கு வந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அவ்வரலாற்றின் ஒரு கிளை, திருத்தணி அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்தின் வழியே செல்கிறது.

ஒருவகைப் பூஞ்சை தாக்கிய நாற்று மட்டுமீறி நெடிது வளர்ந்து வலுவிழப்பதற்கு அப்பூஞ்சை சுரக்கும் ஒரு பொருளே காரணம் என்பதை, தைவானில் பணியாற்றிய ஜப்பானிய அறிஞர் எயிச்சி குரோசாவா 1926இல் காட்டினார். ஜிப்ரலின் என்று பின்னர் பெயர் பெற்ற அப்பொருளை நெல்லும் இயல்பாகவே சுரக்கிறது. ஜிப்ரலின் குறைந்து தண்டு குட்டையான 'டீ-ஜியோ-வூ-ஜென்' என்னும் நெல்லும் அதே தைவானில் விளைந்து வந்தது. அதன் வழித்தோன்றல்களே தைச்சுங் நேட்டிவ் 1 இரகமும், பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் 1966இல் வெளியிட்ட ஐ.ஆர். 8 இரகமும் ஆகும். தழைச்சத்து மிகுந்தால் நெட்டை இரகங்கள் கதிரின் பாரம் தாங்காமல் சாய்ந்துவிட, இக்குட்டை இரகங்கள் நிமிர்ந்து நின்றன.

திருவள்ளூரை அடுத்த திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் டி.கே.எம். 6 இவ்விடத்தில் வரலாற்றுக்குள் நுழைகிறது. திரூர்குப்பம் என்னும் ஊர்ப்பெயரின் சுருக்கத்தைத் தாங்கிய அவ்விரகம், சென்னை மாகாணத்தின் புகழ்பெற்ற சன்னரகமான ஜி.இ.பி. 24ஐயும் கோ 18ஐயும் கலந்து உருவானது. குருத்துப்பூச்சியைத் தாங்கும் அதன் இயல்பை நாடிய பிலிப்பைன்ஸ் ஆய்வாளர்கள், தைச்சுங் நேட்டிவ் 1 வழிவந்த குட்டை நெல்லோடு அதைக் கலந்து 1969இல் ஐ.ஆர். 20ஐ வெளியிட்டனர். குட்டைத்தன்மை தைவானிலிருந்தும் பூச்சி எதிர்ப்பு திரூரிலிருந்தும் வந்த அந்நெல், தமிழகத்தில் நெடுங்காலம் பயிரானது. பின்னர் திரூரிலேயே ஐ.ஆர். 8 கலப்பில் பிறந்த டி.கே.எம். 9, சிவப்பரிசி தரும் குறுகிய கால இரகமாகும்.

இத்தனைக்குப் பின்னரே, 2002இல், குட்டைத்தன்மையின் காரணம் மரபணு அளவில் விளங்கியது. ஜிப்ரலின் ஆக்கத்தில் ஒரு படியை நிகழ்த்தும் நொதிக்குரிய மரபணுவில் 383 டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்டிருந்தன. அதன் இணை மரபணு ஒன்று பூவில் தொடர்ந்து இயங்குவதால், தண்டு குறுகினாலும் மணி பிடிப்பது குறைவதில்லை. இந்த நற்பேறு இல்லாதிருந்தால் குட்டை நெல் வெறும் வைக்கோலாகவே முடிந்திருக்கும்.

அடுத்து ஆய்வு சைட்டோகைனின் பக்கம் திரும்பியது. உயிரணுப் பிரிவைத் தூண்டும் இவ்வூக்கியைச் சிதைக்கும் நொதி குறைந்தால், இளங்கதிரில் ஊக்கி தேங்கிக் கிளைகளும் மணிகளும் பெருகும் என்று 2005இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நிறுவினர். ஹைதராபாத்தில் உள்ள இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனம் அந்நொதிக்குரிய மரபணுவையே கிரிஸ்பர் எனப்படும் மரபணு வெட்டுமுறையால் திருத்தி உருவாக்கிய 'கமலா' என்னும் டி.ஆர்.ஆர். தான் 100 இரகம், 2025 மே மாதம் அறிவிக்கப்பட்டது. மூல இரகத்தைவிட 19 விழுக்காடு கூடுதல் விளைச்சலும் ஏறக்குறைய 20 நாள் முந்திய அறுவடையும் கிடைக்கும் என்பது நிறுவனத்தின் கூற்று. அம்மூல இரகம் ஆந்திரத்தின் பாபட்லாவில் உருவாகி, தமிழகச் சந்தையில் ஆந்திரா பொன்னி என வழங்கும் சாம்பா மசூரி, அதாவது பி.பி.டி. 5204. அதன் முன்னோரில் ஜி.இ.பி. 24உம் தைச்சுங் நேட்டிவ் 1உம் இருப்பதால், தமிழக-ஆந்திர எல்லைக்கு இருபுறமும் விளைந்த நெல்கள் ஒரே கொடிவழியில் வந்த உறவினரே.

அயல் மரபணு எஞ்சியிராத இத்தகைய திருத்தப் பயிர்களுக்கு, மரபணு மாற்றப் பயிர்களுக்கான 1989ஆம் ஆண்டு விதிகளின் கடுமையான கட்டுப்பாடுகளிலிருந்து நடுவண் அரசு 2022 மார்ச்சில் விலக்களித்தது. அவ்விலக்கையும், களச் சோதனைத் தரவுகளையும், திருத்தக் கருவிகளின் மீதுள்ள அயல்நாட்டுக் காப்புரிமையையும் மரபணு மாற்றப் பயிர்களை எதிர்க்கும் அமைப்புகள் கேள்விக்குள்ளாக்கியுள்ளன. இவற்றுள் காப்புரிமைக் கேள்வியே உழவருக்கு நெருக்கமானது. ஏனெனில், அறுவடையில் எடுத்துவைத்த நெல்லையே அடுத்த பட்டத்துக்கு விதைக்கும் வழக்கம் நவரை, சொர்ணவாரிப் பட்டங்களில் இன்னும் மறையவில்லை.