பெல்லாரிக் கடிதமும் மன்றோவின் தீர்ப்பும்

மதராஸ் மாகாணத்துத் திண்ணைப் பள்ளிகளைப் பற்றிய விவாதம் எல்லாம் மதராஸ் கவர்னர் தாமஸ் மன்றோ 1822 முதல் 1826 வரை திரட்டிய கணக்கையே சுற்றி வருகிறது. அதில் வரும் 12,498 பள்ளிகளைச் சிலர் பழைய கல்வியின் செழிப்புக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். சிலர் அதன் வறுமைக்கு. அது ஆங்கிலேயர் கை படாத கல்வியின் படம் என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்த எடுகோள் நிற்காது என்பதே என் வாதம்.

பெல்லாரி கலெக்டர் ஏ.டி. கேம்பல் 1823 ஆகஸ்டில் எழுதிய கடிதத்தை எடுத்துக்கொள்வோம். ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்ட மக்களுக்கு 533 பள்ளிகள், 6,641 மாணவர். மாகாணம் முழுவதும் 67 பேருக்கு ஒருவர் படித்தார் என்றார் மன்றோ. பெல்லாரியில் ஏறத்தாழ 140 பேருக்கு ஒருவர். முன்பு பள்ளி நடந்த பல ஊர்களில் இப்போது பள்ளியே இல்லை, வேறு பல ஊர்களில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் சிலரே மிஞ்சினர் என்கிறார் கேம்பல். ஐரோப்பியத் துணி வந்து நெசவாளர் நலிந்தனர். சுதேச அரசுகளும் அவற்றின் அதிகாரிகளும் உள்ளூரில் செலவழித்த பணம் வெளியேறியது. பெற்றோரால் வாத்தியாருக்குச் சம்பளம் கொடுக்க முடியவில்லை. 533 பள்ளிகளில் ஒன்றுக்குக்கூட அரசின் உதவி இல்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறார்.

மன்றோவின் 1826 மார்ச் குறிப்பு இதை ஏற்கவில்லை. போராலும் பிற காரணங்களாலும் மக்கள் இடம்பெயர, ஓரிடத்தில் பள்ளிகள் குறைந்து வேறிடத்தில் கூடின. நூறாண்டாக வேறு மாற்றமில்லை என்பது அவர் தீர்ப்பு. முந்தைய ஆய்வுகள் பலவும் அதையே அடித்தளமாகக் கொண்டன. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க மன்றோவிடம் முந்தைய கணக்கு எதுவும் இருக்கவில்லை. மேலும், 1800 முதல் 1807 வரை பெல்லாரியை உள்ளடக்கிய, நிஜாம் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த மாவட்டங்களில் நிலவரியை வகுத்தவர் அவரே. உண்மையை மறைத்தார் என்று சொல்லவில்லை; இந்த வழக்கில் அவரை நடுநிலைச் சாட்சியாகக் கொள்ள முடியாது என்கிறேன்.

கேம்பலையும் ஐயுற இடமுண்டு. தெலுங்கு இலக்கணம் எழுதிய அவர் கல்விக்கு அரசின் ஆதரவை வேண்டியவர். அப்படிப்பட்டவர் இழப்பைப் பெரிதாக்கியிருக்கலாம். ஆனால் அதற்காகத் தம் அரசின் ஆட்சியையே காரணமாகச் சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. என் கண்ணில் கடிதத்துக்கு எடை சேர்ப்பது இதுவே.

முன்பு கல்விக்காக அரசுகள் விட்ட மானியங்கள் வேத சாஸ்திரப் படிப்புக்கே போயின, ஊர்ப்பள்ளிக்கு அல்ல என்பார்கள். பெரும்பாலும் சரி. ஆனால் கேம்பல் மானிய இழப்பையும் சம்பளம் வற்றியதையும் தனித்தனியாகவே பேசுகிறார். ரொக்கமாகக் கிஸ்தி கட்டிய ரயத்தின் கையில் மிச்சமில்லாதபோது, அவன் கொடுப்பதை நம்பிய வாத்தியாருக்கும் பிழைப்பில்லை. இது என் ஊகமே. எனினும் கடிதத்தின் போக்கோடு பொருந்துகிறது. பொருள் விளங்காத மனப்பாடத்தை கேம்பலே கண்டித்தார் என்பதும் அடிக்கடி சொல்லப்படுகிறது. அது கல்வியின் தரம் பற்றியது. பள்ளி மூடப்பட்டதா என்ற கேள்விக்கு விடையாகாது.

ஒடுக்கப்பட்ட சாதிகளுக்கு அந்தத் திண்ணைகள் முன்பும் பெரும்பாலும் திறக்கவில்லை. அதை ஒதுக்கிவிட்டுப் பழைய செழிப்பைப் பேசுவது நேர்மையாகாது. 1799 வரை மராத்திய அரசர் ஆட்சியில் இருந்த, காவிரி பாயும் தஞ்சாவூருக்கு வறண்ட பெல்லாரியின் முடிவை அப்படியே நீட்டவும் கூடாது. பெல்லாரியைப் பொறுத்தவரை, கணக்கெடுப்பு நடந்தது கம்பெனி ஆட்சி தொடங்கி இருபதாண்டுக்குப் பிறகு. அது எண்ணியது எஞ்சியவற்றை.

சர்வேயர் காலின் மெக்கன்சி திரட்டிய ஊர்க் கைபீதுகளில் (ஊர் வரலாற்றுப் பதிவுகளில்) அதே வட்டாரத்து மானியங்கள் பதிவாகியுள்ளன. சம்பளத்தைப் பற்றி அவை அதிகம் சொல்லா. யாருக்கு எந்த நிலம் விடப்பட்டது என்பதைச் சொல்லும். கேம்பலின் கூற்றில் மானியத்தைப் பற்றிய பாதியை அவற்றைக் கொண்டு ஊர் ஊராகச் சோதிக்கலாம்.