கடன் வாங்கிய மெட்டு

பழைய மெட்டிற்குப் புதுச்சொல் பூட்டிப் பாடுவதைக் கற்றோர் இகழ்வதுண்டு. யானும் இகழ்ந்தவனே. சுங்கைப்பட்டாணிக்கு அருகில் நான் வளர்ந்த இரப்பர்த் தோட்டத்தில், திருவிழாதோறும் பெரியவர் ஒருவர், பால்மரம் வெட்டுவோர் துயரைத் திரைப்பட மெட்டுகளில் இட்டுக்கட்டிப் பாடுவார். 'கடன் வாங்கிய மெட்டு' என்று மாணவர் நாங்கள் நகைத்தோம். ஒன்றையேனும் எழுதி வைத்தோமில்லை.

1958இல் கேரளத்துத் தேவிகுளம் இடைத்தேர்தலின்போது, தேயிலைத் தோட்டத் தமிழரிடையே பொதுவுடைமைக் கட்சிக்காகப் பாடியவர் பாவலர் வரதராசன். மக்கள் நாவில் பழகிய மெட்டிலே கட்சிக் கருத்தை ஏற்றுவது அவர்தம் முறை. அவருடைய குழுவில் சேர்ந்து ஊர்ஊராய்ச் சென்று பயின்ற தம்பி இராசையாவே பின்னாளில் இளையராஜா ஆனார்.

அவர் 1986இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' என்னும் கருவியிசைத் தொகுப்பை, அந்தத் தோட்டப் பாடல்களின் வழித்தோன்றலாகவே யான் கருதுகின்றேன். செர்மானிய இசைமேதை பாக் (1685–1750) தனி வயலினுக்கென இயற்றிய மூன்றாம் பார்த்தித்தாவின் முகப்பிசையை எடுத்து, அதனோடு தம் இசையை இழைத்தார். வயலின் வாசித்தவர் வி. எஸ். நரசிம்மன். அப்பகுதிக்கு இட்ட பெயரோ, 'என் இல்லத்தில் பாக்கைச் சந்தித்தேன்' எனப் பொருள்படுவது. தொகுப்பு முழுவதையும் பாக்குக்கும் தியாகராசருக்கும் காணிக்கையாக்கினார். கடன் தந்தவர் பெயர் தலைப்பிலேயே நிற்கின்றது. இதில் களவு ஏது?

நம் தோட்டத்துப் பெரியவரும் அவ்வாறே, இன்ன படத்து மெட்டு என்று சொல்லிவிட்டுத்தான் தொண்டையைச் செருமுவார். நாங்கள் அதனைச் செவிமடுத்தோமில்லை. அத்தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதி. அவர் கடன் வாங்கிய மெட்டுகள் இன்றும் வானொலியில் ஒலிக்கின்றன. அவர் பூட்டிய சொற்களில் ஒன்றும் என் நினைவில் இல்லை.