தூளும் ஆவியும்

சாரல் பிடித்துக்கொண்ட ஓர் ஆனி மாத மாலை. அச்சன்புதூர் வீட்டுத் திண்ணையில் அம்மா தட்டை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். மாடிக்குப் போனேன். மாம்பழ வாசம். கல்லூரியில் படிக்கும் அக்கா மகன் எதையோ கைக்குள் மறைத்தான்.

"மாமா, இது சிகரெட் இல்ல. வெறும் ஆவிதான்."

எனக்குக் கோபம் வரவில்லை. பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டு வருடம் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டு இழுத்தேன். மூன்றாவது மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்கிய பிறகுதான் இதைப் பற்றிப் படிக்கவே ஆரம்பித்தேன்.

புகையில்லாத சிகரெட்டுக்கு அமெரிக்காவில் ஹெர்பர்ட் கில்பர்ட் 1963இல் விண்ணப்பித்த காப்புரிமை 1965இல் கிடைத்தது. ஆனால் அது சந்தைக்கு வரவில்லை. இன்றைய கருவியின் முன்னோடியை 2003இல் உருவாக்கியவர் சீன மருந்தாளுநர் ஹோன் லிக். அவரே விடாமல் புகைத்தவர். சிகரெட்டிலிருந்து தப்பிக்கும் வழியாகத்தான் இது பிறந்தது. சிகரெட்டையே தொடாத பையன்கள் கைக்கு வந்தது பிறகு நடந்த கதை.

உள்ளே இருப்பது எளிய விஷயம். பேட்டரி ஒரு கம்பிச் சுருளைச் சூடாக்குகிறது. ப்ரொபிலீன் கிளைக்கால், கிளிசரின், நிக்கோட்டின், வாசனைப் பொருள் கலந்த திரவம் நுண்துளிகளாகிறது. நீராவி இல்லை அது. சூடு கூடினால் ஃபார்மால்டிஹைடும் அக்ரோலினும் உண்டாகலாம். சுருளிலிருந்து நிக்கல், குரோமியத் துகள்களும் கூடவே வரலாம்.

ஓரிடத்தில் சோதித்த நிரலை இன்னோரிடத்தில் சோதிக்காமல் ஏற்றினால் என்ன ஆகும் என்று என் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். இங்கும் அதே பிழைதான். வாசனைப் பொருட்களைச் சாப்பிடலாம் என்றுதான் சோதித்தார்கள், சுவாசிக்கலாம் என்று இல்லை. 2000இல் அமெரிக்காவின் மிசௌரியில் ஒரு பாப்கார்ன் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களுக்கு நுரையீரலின் சிறுகுழாய்கள் தழும்பேறி அடைபட்டது தெரியவந்தது. வெண்ணெய் மணம் தரும் டைஅசிட்டைலின் ஆவிதான் காரணம். அதே பொருளைப் பின்னர் சில மின்சிகரெட் திரவங்களிலும் கண்டார்கள்.

2019இல் அமெரிக்காவில் ஆவி இழுத்த இளைஞர்கள் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைகளுக்கு வரத் தொடங்கினார்கள். 2020 பிப்ரவரிக்குள் பதிவானவர்கள் 2,807 பேர், இறந்தவர்கள் 68 பேர். பெரும்பாலும் கஞ்சாச் சத்து கலந்த திரவங்களில் சேர்த்த வைட்டமின் ஈ அசிட்டேட்டின் மீதுதான் முக்கியச் சந்தேகம் விழுந்தது. தோலில் பூசும் க்ரீமில் இருக்கிற அதே பொருள்.

எரியும் புகையைவிட இதில் நச்சு குறைவு என்பது உண்மைதான். ஆனால் குறைவு வேறு, இல்லை என்பது வேறு. சிகரெட் சுற்றும் இயந்திரம் வந்தது 1880களில். சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் எண்களோடு காட்டியது 1950இல். நடுவே கிட்டத்தட்ட 70 வருடம். மின்சிகரெட்டுக்கு இன்னும் அந்த வயதில் பாதிகூட ஆகவில்லை.

தமிழ்நாடு இதை 2018இல் தடை செய்தது. 2019 செப்டம்பரில் ஒன்றிய அரசின் அவசரச் சட்டம் வந்தது, டிசம்பரில் அது சட்டமானது. தயாரித்தல், விற்றல், இறக்குமதி, விளம்பரம் எல்லாமே குற்றம். பீடிக்கு அந்தத் தடை இல்லை. எங்கள் பக்கத்தில் அது எத்தனையோ வீட்டு அடுப்பை எரிய வைக்கிற தொழில். என் பொறியியல் படிப்புக்குப் பணம் கட்டியதும் அதுதான். அம்மா ஒரு பீடிகூடக் குடித்ததில்லை. ஆனால் முப்பது வருடமாகப் புகையிலைத் தூளுக்கு நடுவேதான் மூச்சு விடுகிறாள். மழைக்காலம் வந்தால் இருமல் நிற்காது.

இதையெல்லாம் அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது கீழே அம்மா இருமினாள். பிறகு குரல் கொடுத்தாள்.

"என்னல மேல மாம்பழ வாசம்? சீசன்தான் முடிஞ்சி போச்சே?"

அவன் என்னைப் பார்த்தான். நான் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் அவன்தான் என்று பட்டது.