மூணு போர்டு, ஒரே பொறி

இன்னைக்கு நாம போறது 1955, ஸ்வீடன் நாட்டின் கோதன்பர்க் நகரம். உலக செஸ் சாம்பியனை எதிர்க்கப்போவது யார் என்று முடிவாகும் பாதையில் ஒரு படி, இன்டர்ஸோனல் போட்டி.

14-வது சுற்று. மூன்று அர்ஜென்டினா வீரர்களுக்கு எதிரே மூன்று சோவியத் வீரர்கள். நஜ்டார்ஃபுக்கு கெரஸ், பன்னோவுக்கு கெல்லர், பில்னிக்குக்கு ஸ்பாஸ்கி. அர்ஜென்டினாக்காரங்க மூணு பேருக்கும் கறுப்புக் காய்.

மூணு பேரும் ஆடினது சிசிலியன் டிஃபென்ஸ்ல நஜ்டார்ஃப் வேரியேஷன். ஆமா, அங்க உட்கார்ந்திருந்த அதே நஜ்டார்ஃப் பேர்ல இருக்கிற ஓப்பனிங்தான்! அதன் அடையாளம், ஐந்தாவது நகர்வில் ஏ6-க்குப் போகும் சிப்பாய். பி5 கட்டத்துக்கு வெள்ளைக் காய் வராமல் இருக்க அது ஒரு காவல்.

ஒன்பதாவது நகர்வு. மூணு போர்டுலயும் கறுப்புச் சிப்பாய் ஜி5-க்குப் பாயுது. மூணு பேரும் சேர்ந்து தயாரிச்ச ரகசிய ஆயுதம் இது.

கெல்லர் ஈ6-ல் குதிரையைப் பலி கொடுத்தார். அடுத்து ராணியால் செக். 13-வது நகர்வில் பிஷப்பைக் கொண்டுபோய் பி5-ல் வைத்தார். காவல் போட்ட அதே கட்டம்! மற்ற ரெண்டு போர்டுலயும் அதே பிஷப், அதே பி5. பன்னோ 23 நகர்வில் தோற்றார். நஜ்டார்ஃபும் பில்னிக்கும் தோற்றார்கள். ஒரே நாள், 3-0.

நம்ம பாஷையில சொன்னா, ஒரே பக் உள்ள கோடு மூணு சர்வர்ல ஒரே நேரத்துல போன மாதிரி. மூணு தலை சேர்ந்து யோசிச்சாலும், ஒரே பக்கம் பார்த்தா அது ஒரு தலைதான்.

கதை இங்க முடியல. 1958, யுகோஸ்லாவியாவின் போர்ட்டோரோஸ், அடுத்த இன்டர்ஸோனல். கடைசிச் சுற்றில் கிளிகோரிச்சுக்கு எதிராக, மூன்று பேரைக் கவிழ்த்த அதே நிலைக்குள் தெரிந்தே நுழைந்தான் 15 வயது பாபி ஃபிஷர். பிஷப் பி5-க்கு வந்தது. ஃபிஷர் யானையை எச்7-க்கு நகர்த்தினான். அங்கிருந்து அது எஃப்7-க்கு வந்து, ராஜாவை நோக்கித் திறந்து கிடந்த வரிசையை அடைத்தது. ஆட்டம் டிரா. ஃபிஷர் கேண்டிடேட்ஸ் போட்டிக்குத் தகுதி பெற்றான். அதுவரை உலகம் பார்த்ததிலேயே மிக இளைய கிராண்ட்மாஸ்டரும் ஆனான்.

மூணு பேர் தோத்த இடத்துல, தப்பிக்க ஒரு வழி மூணு வருஷமா அங்கேயேதான் இருந்துச்சு. ‘இது செத்துப்போன லைன்’னு யாராவது சொன்னா, போர்டை எடுத்து ஒரு தடவை நீங்களே ஆடிப் பாருங்க.