நிலத்தில் போட்ட கோடும் வானத்தில் போட்ட கோடும்

நம் கல்லூரியின் சரித்திரம் 1794-ல் ஒரு நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது என்பது நாமெல்லாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் விஷயம். மைக்கேல் டாப்பிங் தொடங்கிய அந்தப் பள்ளியில் முதலில் சேர்ந்தவர்கள் 8 பேர். நிலத்தை அளந்து கோடு போட்டால் அது தலைமுறை தலைமுறையாக நிற்கும். வானத்தில் போடும் கோடு அப்படியல்ல. காலையில் இருக்கும், சாயங்காலம் காணாமல் போய்விடும். அந்தக் கோட்டைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

"ஆகாயத்துக்கு ஏது சார் வேலி?" என்று மாணவர்கள் கேட்கலாம். 1910-ல் டி ஏஞ்சலிஸ் சென்னையில் விமானம் ஓட்டிக் காட்டியபோது வேலி இல்லைதான். 1944 டிசம்பர் 7-ல் சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கையின் 9-வது பிரிவு, அவசரமானால் தன் வான்பரப்பை உடனடியாக, தற்காலிகமாகத் தடை செய்ய ஒவ்வொரு நாட்டுக்கும் உரிமை கொடுத்தது.

கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும்? 1983 செப்டம்பர் 1-ல் வழி தவறி சோவியத் வான்பரப்பில் நுழைந்த கொரியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் இறந்தார்கள். அதுவாவது வரைபடத்தில் இருந்த எல்லை. தற்காலிகத் தடை அச்சடித்த வரைபடத்தில் இருக்காது. அதனால்தான் விமானிக்கு 'நோட்டாம்' என்ற அறிவிப்பைப் படிக்கச் சொல்லித் தருகிறார்கள். நம்ம ஊர் 'நோட்டம்' மாதிரியே காதில் விழுகிறது. வேலையும் ஏறக்குறைய அதேதான். கிளம்புமுன் வழியை நோட்டம் விடு!

அதில் இடம், தொடக்கம், முடிவு, உயரம் எல்லாம் சுருக்கமாக இருக்கும். புதியவர்கள் தடுக்கி விழுவது நேரத்தில். அது உலகப் பொது நேரம். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். 2410060530 என்றிருந்தால் 2024 அக்டோபர் 6, நம் கடிகாரத்தில் காலை 11 மணி. கூட்ட மறந்தவர், தடை முடிந்துவிட்டது என்று நம்பி அதன் நடுவிலேயே போய் நிற்பார்.

சென்னைக்கு இது புதிதல்ல. வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும்போதெல்லாம் விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் முன்னறிவிப்பு போகிறது. 2024 அக்டோபரில் மெரினாவில் விமானப்படை சாகசம் நடந்தபோது மீனம்பாக்கத்தில் பயணிகள் விமானங்களையே சில நேரம் நிறுத்தி வைத்தார்கள்.

இப்போது விமானி என்றால் விமானத்துக்குள் உட்கார்ந்திருப்பவர் மட்டுமல்ல. தமிழ்நாடு ஆளில்லா வானூர்திக் கழகம் 2022 முதல் டிரோன் இயக்குபவர்களையும் தயார் செய்கிறது. 2021-ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி, காவல் கண்காணிப்பாளர் பதவிக்குக் குறையாத அதிகாரி ஓரிடத்தை ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம். நேற்றுப் பச்சையாக இருந்த இடம் இன்று சிவப்பு!

அன்று சங்கிலி பிடித்து அளந்த கிண்டிப் பிள்ளைகள் இன்று டிரோனில் அளக்கிறார்கள். மீனம்பாக்கம் பக்கத்தில், ஆளுநர் மாளிகை அதைவிடப் பக்கத்தில். தம்பிகளே, தங்கைகளே, பேட்டரியைப் பார்ப்பதற்கு முன்னால் அன்றைய வரைபடத்தைப் பாருங்கள். போன வாரம் பார்த்தேன் என்பது நில அளவைக்குச் சரி, வானத்துக்கு ஆகாது. டாப்பிங் காலத்திலிருந்து நம் கல்லூரி கற்றுத் தந்ததும் இதைத்தானே: கோடு எங்கே என்று தெரிந்த பிறகே காலை எடுத்து வை!