ஓட்டமும் வீச்சும்: அமெரிக்கப் பள்ளித் திடல்களில் ஒரு சமநிலையின் வரலாறு

1905ஆம் ஆண்டின் ஆட்டப் பருவம் முடிந்தபோது 'சிகாகோ டிரிப்யூன்' நாளேடு ஒரு கணக்கை வெளியிட்டது. அமெரிக்கக் கால்பந்து ஆடி அவ்வாண்டில் உயிரிழந்தோர் 18 பேர். கடுங்காயமுற்றோர் 159 பேர். இறந்தவர்களுள் கல்லூரி அணியினர் மூவர் மட்டுமே. பெரும்பாலோர் பள்ளிச் சிறுவர்கள். பள்ளி ஆட்டத்தில் ஓட்டத்திற்கும் வீச்சுக்கும் இடையிலான சமநிலையைப் பற்றி இன்று பயிற்சியாளர்கள் விவாதிப்பதை ஓர் உத்திக் கணக்காக மட்டும் காண்பவர்கள், அவ்விவாதம் இந்தச் சாவுக் கணக்கிலிருந்தே தொடங்கியது என்பதை மறந்துவிடுகின்றனர்.

இவ்வாட்டத்தை அறியாதோர்க்குச் சிறு விளக்கம். பெயரில் கால் இருப்பினும் பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். பந்தை வைத்திருக்கும் அணி, குறித்த எண்ணிக்கையிலான முயற்சிகளுக்குள் குறித்த தூரம் முன்னேற வேண்டும். தவறினால் பந்து எதிரணிக்குப் போய்விடும். முன்னேற வழிகள் இரண்டு. பந்தை ஏந்திக்கொண்டு ஓடலாம். அல்லது முன்னே செல்லும் தோழனுக்கு வீசலாம். முன்னதை ஓட்டம் (கிரிக்கெட் ஓட்டம் அன்று) என்றும் பின்னதை வீச்சு என்றும் இங்கே வழங்குகிறேன்.

1905 வரை முன்னோக்கி வீசுதல் விதிப்படி குற்றம். மூன்று முயற்சிகளில் 5 கஜம் கடந்தால் போதும் என்பதால், அணி முழுவதும் ஒரே திரளாகக் கூடி எதிரியின் ஒரு புள்ளியில் மோதுவதே சிறந்த உத்தியாக இருந்தது. 1892இல் ஹார்வர்டு அணி யேலுக்கு எதிராகக் களமிறக்கிய 'பறக்கும் ஆப்பு' இதன் உச்சம். அது விரைவில் தடை செய்யப்பட்டது. திரள் மோதலோ தொடர்ந்தது. 1905 அக்டோபரில் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பொறுப்பாளர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அடுத்த மாதமே, நியூயார்க் பல்கலைக்கழகத்துடன் ஆடிய யூனியன் கல்லூரியின் ஹரால்டு மூர் உயிரிழந்தார். அதன் விளைவாகக் கூடிய மாநாடுகளின் வழியே 1906இல் விதிகள் மாறின: மூன்று முயற்சிகளில் 10 கஜம் கடக்க வேண்டும், முன்னோக்கி வீசலாம். திரளைக் கலைத்து ஆட்டக்காரர்களைத் திடலெங்கும் பரவச் செய்வதே நோக்கம்.

ஆனால் அந்த அனுமதி எத்தகையது? மொழியியலில் இயல்வடிவம், குறியேற்ற வடிவம் என்றொரு பகுப்பு உண்டு. 'மரம்' இயல்வடிவம், 'மரங்கள்' விகுதியைச் சுமந்து நிற்பது. 1906இன் வீச்சு இத்தகைய சுமைகளோடுதான் பிறந்தது. நடுவிலிருந்து 5 கஜமாவது விலகி நின்றே வீச வேண்டும். எவர் கையும் படாமல் பந்து தரையில் விழுந்தால் அது எதிரணிக்கே உரியது. அவ்வாண்டு செப்டம்பர் 5 அன்று கேரல் கல்லூரிக்கு எதிராகச் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தின் பிராட்பரி ராபின்சன் வீசியதே விதிக்குட்பட்ட முதல் வீச்சு எனக் கொள்ளப்படுகிறது. அது பிடிபடவில்லை, பந்து கைமாறியது! 1912இல் நான்காம் முயற்சி சேர்ந்தது. வீச்சின் தூர வரம்பு நீங்கியது. 1934இல் பந்தே மெலிந்து, வீசுவதற்கு வாகானது. விகுதிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன.

ஆயினும் பள்ளிகளில் ஓட்டமே நெடுங்காலம் இயல்வடிவமாக நீடித்தது. அதற்குக் காரணம் பழைமைப் பற்று மட்டுமன்று. பல்கலைக்கழகம் தனக்கு வேண்டிய ஆட்டக்காரரைத் தேடிப் பிடிக்கிறது. பள்ளிப் பயிற்சியாளருக்கோ ஊரில் பிறந்த பிள்ளைகளே அணி. நன்றாக வீசும் ஒருவன் அமைந்தாலும் ஓரிரு ஆண்டுகளில் படிப்பை முடித்துப் போய்விடுவான். வீசுபவனும் பிடிப்பவனும் ஒருவர் காலடியை ஒருவர் அறியப் பல மாதப் பயிற்சி வேண்டும். வீசினால் மூன்று விளைவுகள் உண்டு, அவற்றுள் இரண்டு தீயவை என்று பயிற்சியாளர்களிடையே ஒரு சொலவடையே வழங்குகிறது.

இந்நிலையில் ஒஹாயோவின் எஃகு ஆலை நகரான மிடில்டவுனில் 1958இல் நிகழ்ந்தது எனக்கு மிக முக்கியமானதாகப் படுகிறது. அப்பருவத்தின் முதல் ஐந்து ஆட்டங்களில் ஒரு வெற்றியும் பெறாத உயர்நிலைப் பள்ளி அணியை, பயிற்சியாளர் கிளென் 'டைகர்' எலிசன் திடலின் அகலம் முழுவதும் பரப்பி நிறுத்தினார். வெற்றுத் திடலில் சிறுவர்கள் தாமாக ஓடி, வீசி விளையாடியதைக் கண்டு பெற்ற எண்ணம் அது. எஞ்சிய ஐந்து ஆட்டங்களிலும் அணி வென்றது. அவர் அதைச் செப்பனிட்டு 1965இல் நூலாக்கினார். முறையின் பெயர் 'ரன் அண்ட் ஷூட்'. அப்பெயரில் நான் கவனிப்பது நடுவிலுள்ள உம்மையை. ஓட்டமும் வீச்சும் ஒரே தொடக்க அசைவிலிருந்து கிளைக்கின்றன. எதிரி எங்கே நிற்கிறான் என்பதைப் பார்த்து, பிடிப்பவன் தன் பாதையை ஓடும்போதே மாற்றிக்கொள்கிறான். பாதி ஓட்டம், பாதி வீச்சு என்னும் எண்ணிக்கைச் சமன் இங்கே பொருளற்றது. எதிரி முன்கூட்டியே முடிவெடுக்க இயலாதிருப்பதே இங்குச் சமநிலை.

பின்னர் ஒரிகன் மாநிலப் பள்ளிகளில் மவுஸ் டேவிஸ் இம்முறையைக் கையாண்டார். 1973இல் ஹில்ஸ்பரோ பள்ளி மாநிலப் பட்டம் வென்றது. டெக்சஸில் சான் ஏஞ்சலோ சென்ட்ரல் பள்ளியின் பயிற்சியாளராயிருந்த எமரி பெல்லார்டு, 1968இல் பல்கலைக்கழக அணிக்கு 'விஷ்போன்' ஓட்டமுறையை வகுத்தளித்தார். 1980களின் பிற்பகுதியில் அதே மாநிலத்தின் காப்பரஸ் கோவ் பள்ளியில் ஹால் மம்மி வீச்சை முதன்மையாக்கி ஆடிப் பார்த்தார். அறிவு மேலிருந்து கீழே இறங்குகிறது என்னும் நம் பொது எண்ணத்திற்கு இவை இடம் தருவதில்லை.

வீச்சு வென்று ஓட்டம் ஓய்ந்தது என்று எழுதிவிடுவது எளிது. சான்றுகள் அவ்வாறு சொல்லவில்லை. கலிபோர்னியாவின் கான்கார்டில் உள்ள டி லா சால் பள்ளி, பாப் லடூசரின் பயிற்சியில், 1992 முதல் 2004 வரை தொடர்ந்து 151 ஆட்டங்களை வென்றது. அதன் அடிப்படை 'வீர்' என்னும் ஓட்டமுறை. அதில் எதிரணியின் ஒரு தடுப்பாளரை வேண்டுமென்றே எவரும் மறிப்பதில்லை. அவர் எப்பக்கம் சாய்கிறாரோ, அதற்கு மறுபக்கம் பந்து போகும். எலிசன் வீச்சிற்குள் வைத்த ஐயத்தை இவர்கள் ஓட்டத்திற்குள்ளேயே வைத்தனர். எதிரணி ஓட்டத்தைத் தடுக்க முன்னே நெருங்கிய வேளைகளில், அவர்கள் தலைக்கு மேல் வீசவும் செய்தனர். வீச்சுகளின் எண்ணிக்கை குறைவு. ஆனால் அவை வரக்கூடும் என்னும் அச்சம் ஆட்டம் முழுவதும் நீடித்தது.

அத்தொடர் வெற்றி 2004 செப்டம்பரில் சியாட்டில் நகரில் முடிவுற்றது. வீழ்த்தியது வாஷிங்டன் மாநிலத்தின் பெல்வியூ உயர்நிலைப் பள்ளி, 39க்கு 20 என்னும் கணக்கில். அவர்கள் கையாண்டது புதிய வீச்சுமுறை எதையும் அன்று. 1950களில் டெலவேர் பல்கலைக்கழகத்தில் டேவிட் நெல்சன் வளர்த்தெடுத்த 'விங்-டி' என்னும் பழைய ஓட்டமுறையை.