அருவியாறு காட்டிய விடுதலை வழி

நமது பிரதேசத்தின் வரலாறு என்றதும் கட்டுக்கரைக் குளமும் மன்னார்க் கோட்டையும் முத்துக்குளிப்பும் நினைவுக்கு வரும். நீண்டதொரு சிறைவாழ்வு நம் அருவியாற்றின் வழியே முடிவுக்கு வந்த கதை அதிகம் பேசப்படுவதில்லை. நூற்றாண்டு காணும் இவ்வேளையில் அதனை நம் இளைய மாணவிகளுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

1659இல் புயலில் பாய்மரம் இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், அதனைச் சீர்செய்யக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1660 ஏப்ரலில் கப்பற் தலைவரும், அவர் மகன் றொபேட் நொக்ஸும், மாலுமிகள் சிலரும் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டனர். அவர்கள் போர்க்களத்திற் பிடிபட்டவர்கள் அல்லர். ஆயினும் மன்னனிடம் அகப்பட்டிருந்த ஒல்லாந்தர், போர்த்துக்கேயரைப் போலவே அவர்களும் கைதிகளாயினர்.

காலில் விலங்கில்லை. ஊரூராகப் பிரித்து வைக்கப்பட்டனர். ஊரார் முறைவைத்து உணவு கொடுத்தனர். காடும் மலையும் கடவைகளின் முட்கதவுகளுமே சிறைச்சுவர்கள். 1661 பெப்ரவரியில் தந்தை காய்ச்சலால் இறந்தார். இருபது வயதளவில் நொக்ஸ் தனித்துப் போனார்.

அவரைத் தாங்கியது கைத்தொழில். நூலாற் தொப்பி பின்னி விற்றார், கோழி வளர்த்தார், நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். போர்த்துக்கேயர் கொழும்பை இழந்தபோது ஒரு முதியவர் கையிற் சிக்கியிருந்த ஆங்கில வேதாகமத்தைப் பின்னிய தொப்பியொன்றைக் கொடுத்தே வாங்கினார். தோழர்கள் பலர் அங்கேயே மணம் முடித்து ஊன்றிவிட, அவர் மணம் செய்யாதிருந்தார்.

சில்லறை வியாபாரியாக வடக்கே பலமுறை சென்று வழி அறிந்தார். 1679 செப்டெம்பர் 22இல் ஸ்டீபன் ரட்லண்டுடன் புறப்பட்டார். அநுராதபுரம் கடந்ததும், சிங்களத்தில் மல்வத்து ஓயா எனப்படும் நம் அருவியாற்றைப் பற்றிக்கொண்டனர். யானைக்கும் முதலைக்கும் அஞ்சியபடி கரைவழியே நடந்து, ஒக்டோபர் 18இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தனர். அங்கிருந்து மன்னாருக்கு அனுப்பப்பட்டனர்.

1681இல் இலண்டனில் வெளிவந்த நொக்ஸின் இலங்கை பற்றிய நூல், அக்காலக் கண்டி மக்களின் வாழ்வை அறிய இன்றும் உதவுகிறது. தன்னைச் சிறைவைத்த நாட்டின் உழவையும் உணவையும் வழக்கங்களையும் அவர் அத்தனை கூர்ந்து கவனித்திருந்தார்.

தேக்கம் அணையிலிருந்து கட்டுக்கரைக் குளத்துக்கு நீர் தருவதும் அதே ஆறுதான். கையில் ஒரு தொழில், மனதில் ஓர் உறுதி, காத்திருக்கும் பொறுமை: பத்தொன்பதரை ஆண்டுகளை அவர் கடந்தது இவற்றால்தான். நம் மாணவிகளுக்கும் இவை வாய்க்கட்டும்.